சந்தனமாரியின் வயிற்றில் ஓடிய நொண்டித் தறி

ஒருத்திக்கு வயிற்றில் கட்டி என்றால் ஊர் உலகத்தில் எல்லாரும் ஐயோ பாவம் என்பார்கள், சாமிக்கு நேர்ந்துகொள்வார்கள், நமக்கு வராமல் இருக்கட்டும் என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், குருவத்தாய் மட்டும், தன் ஓரகத்தி சந்தனமாரியின் வயிற்றில் தேங்காய் அளவுக்குக் கட்டி இருப்பதாக ஸ்கேனில் தெரிந்த அன்றைக்கு, அடுப்பில் பொங்கிய பாலைக்கூட இறக்காமல் நின்று, "அதுவும் அவளுக்குத்தானா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்கிறீர்களா? அடுப்பிடம் கேட்டாள், சுவரிடம் கேட்டாள், மேலே இருக்கிறவனிடமும் கேட்டாள். பால் வழிந்து அடுப்பு அணைந்துபோனது.

உடனே அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பொறாமை என்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும், அவளாக இழுத்து விடுவது இல்லை.

வெள்ளக்கரைப்பட்டி பேண்டேஜ் துணி நெய்கிற ஊர். சேலை நெய்கிற ஊர்க்காரர்களுக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கு ஜரிகை, பூவேலை என்ற பவுசெல்லாம் கிடையாது. காற்று புகுந்து போகிற மாதிரி இழை விட்டு இழை விட்டு நெய்த வெள்ளைத் துணி, சலவைக்குப் போய், துண்டு துண்டாகி, மடிப்பாகி, கண்காணாத ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய், யார் யார் புண்ணிலோ ஒட்டி, ரத்தம் குடித்து, கடைசியில் குப்பைக்குப் போய்விடும். ஆனாலும் ஊருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பிறத்தியார் நெய்த துணியைக் கைமறதியாக எடுத்து வந்துவிட்டால்கூட, விளக்கு வைப்பதற்குள் நெய்தவள் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காத வீட்டில் நூல் அறுந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாலாட்டு கிடையாது. தறிச் சத்தத்தில் கொண்டுபோய்ப் போட்டால் தூங்கும், அதுவும் அந்தந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தந்த வீட்டுத் தறிதான் வேண்டும், வேறு வீட்டுத் தறி என்றால் அரை மணி நேரம் சிணுங்கிவிட்டுத்தான் கண்ணை மூடும்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மூத்தவன் கடற்கரை, அவன் பெண்டாட்டி குருவத்தாய், மூன்று பிள்ளைகள், இரண்டு தறிகள். அந்தப் பக்கம் இளையவன் சித்திரவேல், அவன் பெண்டாட்டி சந்தனமாரி, பிள்ளை இல்லை, தறியும் இல்லை. பஞ்சுத்தூசி பட்டால் சந்தனமாரிக்கு மூச்சு இரைக்கும். அதனால் சித்திரவேல் வெளியே கூலிக்கு நெய்யப் போய்விட்டு, சாயங்காலம் வரும்போது அவளுக்கு மட்டும் ஒரு முழம் பூ வாங்கி வருவான். அந்தப் பூ சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வாசம் அடிக்கும். குருவத்தாய்க்கு அந்த நேரம் பார்த்துத்தான் நூல் அறுந்துபோகும்.

அவள் நெய்கிற தறி ஒரு நொண்டி. மூடிப்போன ஏதோ ஒரு மில்லிலிருந்து பழசாக வந்தது. ஊடுநூலைச் சுமந்து ஓடுகிற நாடா இடது பக்கம் போனால் இரண்டு தரம் முட்டும், கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் வலது பக்கம் வந்து ஒரு தரம் முட்டும். டடக்... டக். டடக்... டக். கடற்கரை தன்னுடைய நல்ல தறியை வைத்துக்கொண்டு, அந்த நொண்டியைத் தொடக்கூட மாட்டான். குருவத்தாய் பக்கத்தில் நின்றால் அது ஓடும், அவள் நகர்ந்தால் நிறுத்திவிட்டுத்தான் நகர்வாள். "ஃபிட்டர் அந்தோணியண்ணனக் கூப்பிட்டு இதோட கால நிமித்துங்களேன், எனக்குத் தலைவலிக்குது" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. "துணி நேராத்தான வருது" என்பான் அவன். மூன்றாவது பிள்ளை, அந்தக் கடைக்குட்டிப் பெண் பிறந்த அன்றைக்கும் வலி எடுக்கிறவரைக்கும் அந்த நொண்டியோடுதான் நின்றாள். பெற்றுவிட்டு வந்தபோது வாசலில் ஒரு நாய்கூட எழுந்து பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

ஆனால் சந்தனமாரிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தபோது, அடேயப்பா! ஆரஞ்சு என்ன, ஹார்லிக்ஸ் என்ன, வெந்நீர் போட ஒருத்தி, தலை வார ஒருத்தி, ஊரே அந்தப் பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டது. "எனக்கு ஒரு சளி காய்ச்சல்கூட முழுசா வந்து தொலைய மாட்டேங்குதே" என்று குருவத்தாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அது ஆறி, தழும்பு வெளுத்து, கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் தழும்புக்குக் கீழே மெத்தென்று ஒன்று எழும்பி, பிறகு கெட்டியாகி, பிறகு தேங்காயானது. பெரிய ஊரில் போய்க் காட்டினார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கெட்ட கட்டி மாதிரி இருக்கு. மாதிரின்னுதான் சொல்றேன். திறந்து பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். தள்ளிப்போடாதீங்க" என்றார். சித்திரவேல் தலையை ஆட்டிவிட்டு வந்து தள்ளிப்போட்டான். கத்தி பட்டால் அந்த நோய் உடம்பு பூராவும் பரவிவிடும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவனும் பயந்துகொண்டு பூவை இரண்டு முழமாக்கினான்.

அந்தச் சமயத்தில்தான் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் வந்தது. ஒரு காலையில் ஊரின் அத்தனை தறியும் ஒன்றாக நின்றது.

சத்தம் இல்லாத வெள்ளக்கரைப்பட்டியை யாரும் அதற்கு முன்னால் பார்த்தது இல்லை. எதிரே நிற்கிறவனிடம் கத்திப் பேசியே பழகிய ஜனம், கத்திக் கத்திப் பேசி, பக்கத்துத் தெரு ரகசியமெல்லாம் வெளியே வந்து, இரண்டு கல்யாணம் நின்றுபோய், ஒரு கல்யாணம் புதிதாக முடிவாகி, கோழிகள் முட்டையிட மறந்து, பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலாக அழ ஆரம்பித்தன. தூக்கம் வராத பிள்ளை அழுகிற அழுகை, பசித்து அழுகிற அழுகை மாதிரி இல்லை, அதற்குப் பால் கொடுத்தும் தீராது.

அப்படி ஒரு மத்தியானத்தில், எல்லாப் பிள்ளைகளும் அழுது களைத்து ஒரு மூச்சு விட்ட இடைவெளியில், ஊருக்கே அது கேட்டது. எங்கேயோ ஒரு தறி ஓடியது.

சங்கச் செயலாளர் வெள்ளைச்சாமி தோளில் சிவப்புத் துண்டோடு கொதித்துக் கிளம்பினார். "எவன்டா அந்தக் கருங்காலி? ஊரே பட்டினி கிடக்கு, ஒருத்தன் மட்டும் தறி ஓட்டுறானா?" பின்னாலேயே நாற்பது பேர். காதை வைத்துக் காதை வைத்துத் தெருத்தெருவாக வந்தவர்கள், அண்ணன் தம்பி வீட்டு வாசலில் நின்று, முதலில் கடற்கரையின் தறிக்கூடத்தைப் பார்த்தார்கள். இரண்டு தறியும் தூசி படிந்து நின்றன. பிறகு அந்தப் பக்கம் போனார்கள். அங்கே கயிற்றுக் கட்டிலில் சந்தனமாரி படுத்திருந்தாள். அவள் வயிற்றுக்குள் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள ஓடுதுண்ணே" என்றாள் சந்தனமாரி. "ரொம்ப நாளா ஓடுது. இத்தன தறிச் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

வெள்ளைச்சாமி துண்டை எடுத்துவிட்டுக் குனிந்து காதைக் கொடுத்தார். நிமிர்ந்து மீசையைத் தடவினார். "தறிதான்" என்றார். அத்தோடு அதில் சந்தேகம் தீர்ந்தது. வயிற்றுக்குள் தறி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது, ஸ்ட்ரைக் நேரத்தில் அது ஓடலாமா என்பதைத்தான். சாயங்காலமே சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஒருத்தன், கட்டுப்பாடு என்றால் எல்லாருக்கும் கட்டுப்பாடுதான் என்றான். இன்னொருத்தன், நிறுத்தச் சொன்னால் எந்தப் பக்கம் கைவிட்டு நிறுத்துவாய் என்று கேட்டான். கடைசியில், கூலி வாங்காமல், முதலாளிக்குத் துணி கொடுக்காமல் ஓடுகிற தறி கருங்காலித் தறி ஆகாது என்று தீர்மானம் போட்டு, கை தூக்கி, டீ குடித்துக் கலைந்தார்கள்.

குருவத்தாய் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். தறியில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்டவள் அவள். தூசி ஆகாது என்று ஒரு நாளும் தறிப்பக்கம் வராதவள் சந்தனமாரி. கடைசியில் தறி போய் ஓடுவது யார் வயிற்றில் பார்த்தீர்களா? "படுத்துக்கிட்டே நெய்யிறா மகராசி" என்று கடற்கரையிடம் சொன்னாள். "நீ சும்மா கிட, அது நோவு" என்றான் அவன். "எனக்கு அப்படி ஒரு நோவு வந்தா நீங்க பூ வாங்கிட்டு வருவீங்களாக்கும்" என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். தயங்கித் தயங்கி, "மாரியக்கா, இவனக் கொஞ்சம் உங்க பக்கத்துல போடட்டுமா, ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல" என்றாள். போட்டாள். அரை மணி சிணுங்கினான், தூங்கிவிட்டான். அவ்வளவுதான், காற்றுவாக்கில் செய்தி போய், வீட்டுக்கு வீடு பாயும் பிள்ளையுமாகக் கிளம்பி வந்து, முற்றத்தில் ஒரு வரிசை, நடையில் ஒரு வரிசை, கட்டிலுக்கு அடியில்கூட நான்கு, கட்டிலின் மேல் அவள் இரண்டு கைக்கும் இரண்டு என்று, பிள்ளை பெறாத சந்தனமாரியைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் வாயைப் பிளந்து தூங்கின. அவள் வயிறு டடக் என்று எழும்பி டக் என்று அடங்கியது. அம்மாக்காரிகள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். எழுந்து போகும்போது ஒவ்வொருத்தியும் அவள் வயிற்றைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

குருவத்தாய் போகவில்லை. அவள் கடைக்குட்டி தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு அழுதாள், அப்போதும் போகவில்லை. தோளில் போட்டு நடந்தாள், மடியில் போட்டு ஆட்டினாள், நின்றுபோன நொண்டித் தறியின் பக்கத்திலேயே பாயை விரித்து, வாயாலேயே டக் டக் என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் பெரிதாக அழுதது. கடைசியில் மானத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, முகத்தை எங்கேயோ திருப்பிக்கொண்டு சுவரைச் சுற்றிப் போனாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் அரை மணி சிணுங்கின அல்லவா? இவள் பிள்ளை வாசற்படி தாண்டுவதற்குள், பாயில் போடுவதற்குள், தோளிலேயே தூங்கிவிட்டது.

"பாருங்களேன்! குருவத்தாயக்கா மகளுக்கு சித்தின்னா எவ்வளவு பிரியம்னு" என்று ஒருத்தி சிரித்தாள்.

அந்தச் சொல் குருவத்தாயின் நெஞ்சில் அப்படியே நின்றது. பூ போகட்டும், ஆரஞ்சு போகட்டும், ஊர்ப் பேர் போகட்டும். பத்து மாதம் சுமந்து தறியில் நின்று பெற்ற பிள்ளையுமா? தன் தோளில் தூங்காத பிள்ளை, அவள் வாசற்படியில் தூங்குகிறது என்றால் அது என்ன நியாயம்? தூங்குகிற பிள்ளையைச் சந்தனமாரி பக்கத்தில் போட்டுவிட்டு, அவள் நிமிர்ந்து பார்த்தபோது, சந்தனமாரி மற்ற எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டு இந்தப் பிள்ளையின் பக்கம் மெதுவாகத் திரும்பிப் படுத்தாள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கை குச்சியாக இருந்தது. முகத்தில் மட்டும் ஒரு நிறைவு. அந்த நிறைவைத்தான் குருவத்தாயால் சகிக்க முடியவில்லை.

ஸ்ட்ரைக் நீண்டது. சந்தனமாரி இளைத்தாள். தின்றது வயிற்றில் தங்கவில்லை, காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது, கட்டி மட்டும் செழித்தது. டாக்டரம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். சித்திரவேல் கட்டிலோரம் உட்கார்ந்து, "திறந்து பாத்துருவோமா மாரி?" என்பான். "வேணாம். பிள்ளைக தூங்குது" என்பாள் அவள். ஊரும் அதையே வேறு மாதிரி சொன்னது: கத்தி பட்டால் பரவிவிடும், இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும், பிள்ளைகளும் தூங்குகின்றன. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாருக்கும் அந்தச் சத்தம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு வழியாகப் பேச்சுவார்த்தை முடிந்து, கேட்டதில் பாதி கிடைத்து, ஊர்த் தறிகள் ஒரு காலையில் மறுபடி கிளம்பின. மத்தியானத்துக்குள் பாய்கள் எல்லாம் சுருட்டப்பட்டு, பிள்ளைகள் அவரவர் வீட்டுச் சத்தத்துக்குத் திரும்பிவிட்டன. சந்தனமாரியின் முற்றம் வெறிச்சோடியது. குருவத்தாய் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தறியைக்கூடக் கிளப்பாமல், அந்த வெறும் முற்றத்தைக் கண்குளிரப் பார்க்கவென்றே சுவரைச் சுற்றிப் போனாள். "என்னடி, ஒருத்தியையும் காணோம்?" என்று கேட்டுக்கொண்டே போய், கட்டிலுக்கு அருகில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

கேட்டு வாய் மூடவில்லை. அந்தப் பக்கம் தறிக்கூடத்தில் கடற்கரை, புதுக்கூலி வந்த முதல் நாளே ஒரு தறி சும்மா நிற்பதைப் பொறுக்க மாட்டாமல், ஜென்மத்தில் தொடாத நொண்டியைக் கிளப்பிவிட்டான்.

டடக்... டக். டடக்... டக்.

குருவத்தாயின் முதுகில் சுவர் அதிர்ந்தது. கட்டிலில் சந்தனமாரியின் வயிறு அதிர்ந்தது. இரண்டும் ஒன்றாக முட்டின, ஒன்றாக யோசித்தன, ஒன்றாகத் திரும்பி வந்து ஒரு தரம் முட்டின. இத்தனை வருஷம் தறிக்குப் பக்கத்திலேயே நின்று, அந்த இரைச்சலுக்குள்ளேயே இருந்தவள், தன் தறியைச் சுவருக்கு வெளியிலிருந்து கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. தன் குரலை வேறு யாரோ பேசிக் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. இடுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் தூங்கிப்போயிருந்தது.

"ஏடி" என்றாள் மெதுவாக. "சுவத்துக்கு அந்தப் பக்கம் ஓடுறது..."

"உங்க தறிதான்க்கா" என்றாள் சந்தனமாரி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

வந்ததே கோபம்! குருவத்தாய் முற்றத்துக்குப் பாய்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "அது என் தறிடி! என் துணிடி அது! எந்த ஆஸ்பத்திரிக்காரன் அள்ளி உள்ள வச்சுத் தச்சானோ, நான் நின்னு நெய்ஞ்ச துணி இவ வயித்துல கிடந்து ஓடுது! என் துணிய உள்ள வச்சுக்கிட்டு ஊருக்கே ஆத்தாவாட்டம் படுத்திருக்கா! என் பிள்ளை தூங்குனது இவளுக்கில்ல, எனக்கு! குடுக்கச் சொல்லுங்க என் துணிய! இன்னிக்கே வேணும் எனக்கு!"

தெரு கூடியது. வெள்ளைச்சாமி வந்தார். கடற்கரையை நிறுத்தச் சொன்னார், ஓட்டச் சொன்னார், சுவரில் ஒரு காதும் வயிற்றில் ஒரு காதுமாகக் கேட்டார். இரண்டு நல்ல தறிகள் ஒரே மாதிரி ஓடலாம், இரண்டு நொண்டி ஒரே மாதிரி நொண்டாது. அது எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். "குருவத்தா நெய்ஞ்ச துணிதான்" என்றார். பிறத்தியார் துணியை வைத்துக்கொள்ளக் கூடாது. விளக்கு வைப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும். அது கட்டுப்பாடு. அது வயிற்றுக்குள் இருந்தால் என்ன, பெட்டிக்குள் இருந்தால் என்ன? "வண்டியக் கூப்பிடுங்கப்பா" என்றார் வெள்ளைச்சாமி.

சித்திரவேல் கூலித்தறியை விட்டுவிட்டு ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டு, குருவத்தாயின் முன்னால் வந்து நின்றான்.

"துணியா மதினி? நெசமாவே துணிதானா?"

"என் தறி எனக்குத் தெரியாதா?"

"துணின்னா பரவாதுல்ல மதினி?"

அதைக் குருவத்தாய் நினைக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது கட்டியில்லை என்றால் சந்தனமாரி பிழைத்துக்கொள்வாள் என்பது, அத்தனை கத்தலிலும் அவள் மண்டையில் ஒரு ஓரத்தில்கூட எட்டவில்லை. அவளுக்குத் தன் துணி வேண்டும், அவ்வளவுதான். சித்திரவேல் அவள் காலடியிலேயே உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான்.

வண்டி வந்தது. ஏற மாட்டேன் என்று சந்தனமாரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குச்சிக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவள் குருவத்தாய்தான்.

டாக்டரம்மா திறந்தார். உள்ளே கட்டி இல்லை. முதல் ஆப்பரேஷனில் ரத்தம் ஒற்ற வைத்து, எடுக்க மறந்த துணிமடிப்பு ஒன்று இருந்தது, அதைச் சுற்றி உடம்பு தடித்த தோலால் ஒரு சுவர் எழுப்பியிருந்தது. வைத்தது ஒரு கைக்குட்டை அளவுதான் இருக்கும். எடுக்க எடுக்க வந்தது, ஒரு வேட்டி நீளத்துக்கு. "தனக்குச் சேராதது உள்ள வந்துட்டா உடம்பு சும்மா விடாது. சுத்திச் சுவர் கட்டிரும்" என்றார் டாக்டரம்மா வெளியே வந்து. "படத்துல பார்த்தா புத்துநோய் மாதிரியே இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா குடலை அரிச்சிருக்கும். நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. யார் சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?" எல்லாரும் குருவத்தாயைக் கை காட்டினார்கள். அவள் டாக்டரம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என் துணி எங்க?"

அந்த முதல் ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் வெள்ளைச்சாமி கொடி பிடித்துப் போனதும், அவர்கள் வந்து கும்பிட்டதும் தனிக் கதை. நம் கதையில், குருவத்தாய் அந்தத் துணியைக் கொண்டுவந்து சோடா உப்புப் போட்டு அவித்து, அலசி, கொடியில் காயப்போட்டாள். ஊரே வந்து பார்த்தது. துணி சத்தம் போடவில்லை, காற்றில் சும்மா ஆடியது. வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா தாயி. கத்திக் கூப்பாடு போட்டு அவ உசிரக் காப்பாத்திட்டியே" என்றார்கள். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட பேர் வாசல் தேடி வந்தது. அது ஒரு துளிகூட இனிக்கவில்லை. தனக்குத் தெரியாதா, தான் எதற்குக் கத்தினாள் என்று? "போங்க, போய் வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தாள். அதையும் அடக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சந்தனமாரி வீடு திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, குருவத்தாய் முந்தானையில் ஆரஞ்சுப் பழங்களை முடிந்துகொண்டு, இடுப்பில் பிள்ளையோடு போனாள். கட்டிலில் சந்தனமாரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. வயிறு தட்டையாக, சத்தமில்லாமல் இருந்தது. அவள் பழத்தைப் பார்க்கவில்லை.

"எடுத்தாச்சு, திருப்தியாக்கா?" என்றாள்.

"என்னடி பேசுற? அது உன்னக் கொன்னுருக்கும்."

"கொல்லட்டும்னுதான் இருந்தேன்." சந்தனமாரி சுவரை மெதுவாகத் தட்டினாள், இடது கையால் இரண்டு, வலது கையால் ஒன்று. "கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இங்க படுத்து இதத்தான் கேட்டுட்டு இருக்கேன். உள்ள ஓட ஆரம்பிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும், இது உங்க தறின்னு."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

"சொன்னா வாங்கிட்டுப் போயிருவீங்கள்ல?" அவள் குரல் ஏறியது. மூச்சு இரைத்தது. அப்படிக் கோபமாகப் பேசி யாரும் அவளைப் பார்த்தது கிடையாது. "உங்களுக்கென்னக்கா! வயித்துல மூணு ஓடுச்சு, கையில ஒண்ணு ஓடுது. நீங்க சத்தம் போட்டா தெருவே கேக்கும். நான் செத்தாக்கூட சத்தம் வராது. நீங்க அந்தத் தறிய நிறுத்துனா எனக்கு நெஞ்சு நின்னு போகும், ஓட்டுனா வயிறு எரியும். நீங்க நடக்குறப்ப பிள்ளை இடுப்புல தொங்குறது, வேர்வையோட நின்னு தண்ணி குடிக்கிறது, எல்லாத்தையும் பாத்துப் பாத்துப் புழுங்கிச் செத்திருக்கேன். பூவ வச்சுக்கிட்டு என்ன செய்ய? வச்சுக்கிட்டுப் படுத்துத்தான கிடக்கணும்? உங்ககிட்ட இருந்து எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். அதையும் தெருவக் கூட்டிப் புடுங்கிட்டீங்க."

உலகத்தில் தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஒரு ஜீவன் உண்டு என்று குருவத்தாய் கனவில்கூட நினைத்தது இல்லை. வேர்த்து வழிந்த ஜாக்கெட்டும், வெடித்த பாதமும், அந்த நொண்டித் தறியும்! அதைப் பார்த்தா? அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஒரு பெருமை வந்தது, வெட்கம் கெட்ட பெருமை. அதற்குப் பின்னால் அழுகை வந்துவிட்டது. சேலையை முகத்தில் வைத்துக்கொண்டு, ஆரஞ்சுப் பழம் ஒவ்வொன்றாகக் கீழே உருண்டு ஓட, நின்ற இடத்திலேயே அழுதாள். சந்தனமாரியும் அழுதாள். எந்தப் பழத்தையும் யாரும் எடுக்கவில்லை.

போகும்போது குருவத்தாய் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிக் கட்டிலில் போட்டாள். "நான் போய் தறியக் கிளப்புறேன். தூங்கிரும்" என்றாள். பிரியத்தில் சொன்னாளா என்று கேட்டால், அரைவாசிதான். பிள்ளை சந்தனமாரியின் விரலைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்ததும் அவளுக்குப் பழையபடி வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் தறிக்கூடத்தில் ஃபிட்டர் அந்தோணி நொண்டித் தறியின் பக்கத்தில் ஸ்பேனரோடு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கடற்கரை பக்கத்தில் பெருமையாக நின்றான். "ஊருக்கே பேரு வாங்கிக் குடுத்தவ, இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டு இருந்தியே. அண்ணனக் கூட்டிட்டு வந்துட்டேன். அரை நாள்ல நிமித்திருவாரு, பூப்போல ஓடும்."

குருவத்தாய் அந்தோணியின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி அவருடைய பையிலேயே போட்டாள்.

"அப்படியே நொண்டட்டும்ண்ணே. அந்தப் பக்கம் ஒருத்தி இதக் கேட்டுப் பொறாமைப்பட்டுக்கிட்டு இருக்கா."